தண்ணீர் ஊற்றியும் போகாதவள்

எங்கள் வீட்டில் தம்ளர் கைதவறி விழுந்தால் யாரும் யாரையும் திட்டக் கூடாது. இது நான் போட்ட சட்டம். மருமகள் வந்த புதிதில் அவளுக்கு இது விளங்கவில்லை. மாமியார் தங்கமானவள் என்று அம்மா வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. எவர்சில்வர் தரையில் மோதி உருண்டு அடங்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது, அவ்வளவுதான். யார் கையிலிருந்து விழுந்தது என்று எட்டிப் பார்ப்பேன். பேரப்பிள்ளைகள் கையிலிருந்து என்றால் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் சிரிக்கும்.

எனக்கு முதலில் பிறந்தது பெண். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி ஊரார் கற்பூரம் கொளுத்தியது போதும்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். எட்டாவது வரை படித்தவள். அந்தக் காலத்தில் கொஞ்சம் திமிர் பிடிப்பதற்கு அந்தப் படிப்பு போதும். அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மலை சுற்றும் பாதையை ஒட்டிக் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, பாதையோரத்தில் ஒரு பெட்டிக்கடை. சோடா, பொரி, வாழைப்பழம், கற்பூரம். இப்போது பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிற்க இடமில்லை. அப்போதெல்லாம் சித்திரை பௌர்ணமிக்கும் தீபத்துக்கும்தான் வெளியூர்க் கூட்டம் வரும். அந்த வியாபாரம்தான் கடைக்கு உயிர்.

வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தாள். சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தம்பியிடம் வந்துவிட்டவள், பிள்ளை இல்லை. என் மகள் பிறந்ததிலிருந்து குழந்தை அந்த நாத்தனாரின் இடுப்பில்தான் வளர்ந்தது. பால் கொடுப்பதற்கு மட்டும் நான் அம்மா. எனக்கு அதில் எரிச்சல் இருந்தது, ஆனால் கொல்லை வேலைக்குப் போய்விட்டு வரும்போது குழந்தை குளித்து மை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எரிச்சலைக் காட்ட வழியிருக்காது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் தெருவில் தட்டம்மை புகுந்தது. என் மகளுக்கு அப்போதுதான் கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்த்திருந்தது. நல்ல ஜுரம். கண் சிவந்து மூக்கு ஒழுகியது. பிறகு காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி உடம்பெல்லாம் பொரிப்பொரியாக இறங்கியது. நாத்தனார் பார்த்ததும் கைகூப்பினாள். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று.

அம்மை வந்த வீட்டின் சட்டதிட்டம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளிக்கக் கூடாது. துணியை அடித்துத் துவைக்கக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டிலிருந்து எதையும் எடுத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது. மருந்து கூடவே கூடாது, இளநீரும் மோரும்தான். குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தாயே என்று கூப்பிட வேண்டும். முக்கியமாக வீட்டில் சண்டை கூடாது, அழக் கூடாது. வந்திருப்பவள் மனம் குளிர்ந்து தானாகப் போக வேண்டும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். அந்த நாட்கள் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே திரிந்தேன்.

பொரி வாட ஆரம்பித்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைக் குழந்தைக்கு ஊற்றுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அம்மா வீட்டைவிட்டுப் போனாள் என்று கணக்கு. எங்களுக்கு இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று. மூன்றாவதுக்கு முன்னால் பௌர்ணமி வந்துவிட்டது.

வேப்பிலை தொங்கும் வீட்டுக்காரன் கடையில் யார் சோடா வாங்கிக் குடிப்பார்கள்? கடையைத் திறக்க வேண்டுமென்றால் வேப்பிலையை எடுத்தாக வேண்டும். அவர் குழந்தையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் சுத்தமாகிவிட்டது, ஜுரம் இல்லை, கையை நீட்டி அவர் மீசையைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு தண்ணீரே போதும் என்றார். நாத்தனார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கடைசியில் அவரே வேப்பிலையை உருவிக் கிணற்றில் போட்டுவிட்டுப் போய்க் கடையைத் திறந்தார். அன்று நல்ல வியாபாரம். ஆடியில் கூழ் ஊற்றி எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம் என்று நாத்தனாரும் சமாதானமானாள். கூழும் ஊற்றினோம்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. குழந்தை நன்றாக இருந்தாள். கன்னம் கொழுகொழுவென்று, பேச்சு வாய் ஓயாமல். அடுத்து ஒரு மகன் பிறந்தான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். வந்ததும் பையை வீசிவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மலை சுற்றுகிறவர்கள் கால் வலியோடு வந்து அடுத்த லிங்கக் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், இதோ பக்கத்தில்தான் என்று கண்ணை விரித்துப் புளுகுவாள். ஏன்டி பொய் சொல்கிறாய் என்று கேட்டேன். தூரம் என்று சொன்னால் பாவம் உட்கார்ந்துவிடுவார்கள் என்றாள். அப்படி ஒரு பிள்ளை அவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தபோது, தம்ளர்கள் விழ ஆரம்பித்தன.

முதலில் நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். கையில் என்ன வெண்ணெயா தடவியிருக்கிறது என்று எல்லாத் தாயும் கேட்பதைத்தான் கேட்டேன். அடுத்த நாள் சிலேட்டுப் பலகை விழுந்து உடைந்தது. பிறகு சொம்பு, பிறகு தம்பியின் பால் பாட்டில். வாத்தியாரம்மா கூப்பிட்டு, பிள்ளை வேண்டுமென்றே பென்சிலைத் தூக்கிப் போட்டு மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறது என்றார்கள். அன்று சாயந்திரம் அவளைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் போடல மா. கை போட்டுடுச்சு."

அந்தக் குரலில் குறும்பு இல்லை. கூடவிருந்த யாரோ செய்த தப்பைச் சொல்வது போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. வாய்ப்பாடு போயிற்று. தன் பெயரில் கடைசி எழுத்தை எழுதாமல் விட்டுவிட்டு, எழுதிவிட்டேன் என்று அடம்பிடிப்பாள். ஒரு நாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு புளியமரம்தான் தூரம். அவள் பாதை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பி வந்து, "வூடு எந்தப் பக்கம் நைனா?" என்று கேட்டாள். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா. பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் மற்ற பெண் பிள்ளைகளோடு கையில் கூழ்ச் சொம்பை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். திடீரென்று அவள் தலை முன்னால் வெட்டியது. சொம்பு தெறித்து விழுந்தது. தோள் ஒரு தடவை குலுங்கி நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடி தலை வெட்டி, தோள் குலுங்கி நின்றது. பம்பைக்காரருக்கு உற்சாகம் பொறுக்கவில்லை, கிட்டத்தில் வந்து அவளுக்கு எதிரிலேயே அடித்தார். யாரோ மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலையில் ஊற்றினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். நாத்தனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள், தான் தூக்கி வளர்த்த பிள்ளையின் காலில்.

பம்பை நின்றது. எல்லோருக்கும் பம்பை நின்றால் சாமி மலையேறிவிடும். இவளுக்கு நிற்கவில்லை. சத்தமில்லாத அந்த இடத்தில் என் பிள்ளை மட்டும் நின்று நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். கண் என்னைத் தேடியது. அது சாமி வந்தவள் பார்வையில்லை. பயந்த பிள்ளையின் பார்வை. அதை நான் ஒருத்திதான் பார்த்தேன் போலிருக்கிறது.

வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்க வைத்ததும் நாத்தனார் தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கு வந்தவ போகவே இல்ல தம்பி. மூணாந்தண்ணி ஊத்தாம அனுப்பனா எப்படிப் போவா? இத்தினி வருஷமா உள்ளயே குந்திக்கினு இருந்துகிறா."

அவள் குற்றம் சொல்லவில்லை. பயபக்தியோடு சொன்னாள், கொஞ்சம் பெருமையோடும் சொன்னாள். ஆனால் அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எந்தப் பௌர்ணமிக்கும் அவர் கடையைத் திறக்கவில்லை.

செவ்வாய், வெள்ளியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்து அவள் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டதும் தலை வெட்டினால் ஆமாம், வெட்டாவிட்டால் இல்லை. நாத்தனார்தான் அர்த்தம் சொல்வாள். தொலைந்த மாடு கிடைத்தது என்று ஒருத்தர் வந்து விழுந்துவிட்டுப் போனதும் வாசலில் செருப்பு ஜாஸ்தியாகிவிட்டது. ஏழாம் வாய்ப்பாடு மறந்துபோன பிள்ளையிடம், கிணறு வெட்டினால் தண்ணீர் வருமா என்று மீசை வைத்த ஆட்கள் வந்து கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் தட்டைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். எலுமிச்சம்பழங்கள் உருண்டு ஓடின. ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. பெற்றவளுக்கு இந்தப் பாக்கியம் புரியவில்லையே என்று என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டே பொறுக்கினார்கள். இரக்கத்தைவிட எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறெதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமி என்று அவர்கள் சொல்லும்போது எனக்குள் ஒரு மூலையில் ஆறுதலாகத்தான் இருந்தது. சாமி என்றால் ஒரு நாள் இறங்கிப்போகும். போன பிறகு என் பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பாள். வியாதி என்றால் அப்படி இல்லையே.

திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. அதற்குள் அவள் நடக்கும்போது மடங்கி விழ ஆரம்பித்திருந்தாள். வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று அங்கிருந்த டாக்டரே சொன்னார். நாத்தனார் வாசலில் குறுக்கே நின்றாள். அம்மாவை ஊசியால் குத்தினால் வீடு தாங்காது என்றாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். என் வீட்டுக்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். அந்த ஒன்றுக்காக அவர் மேலிருந்த எத்தனையோ கோபத்தை நான் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் தலையில் களிம்பைத் தடவி ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு மெஷினிலிருந்து காகிதம் ஓடியது, அதன்மேல் வரிசையாகப் பேனா முட்கள் கோடு போட்டன. கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியாகப் போகும். பிறகு அத்தனை முட்களும் ஒன்றாகத் துள்ளும். அதே நொடியில் கட்டிலில் அவள் தோள் குலுங்கும். மறுபடி அமைதி, மறுபடி துள்ளல். பம்பை நின்ற பிறகு நான் பார்த்த அதே தாளம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அவளை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், நான்தான் பிடித்துக்கொண்டேன். அப்போது அவளுக்கு அழக்கூட ஞாபகம் இல்லை.

டாக்டர் நடுவயதுப் பெண். எங்களை உட்காரவைத்து, குழந்தைக்கு ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்ததா என்று கேட்டார். நாங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வந்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது போன மாதிரி இருந்திருக்கும்மா. போகல. மூளைக்குள்ளயே தங்கிடுச்சு. இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எழுந்திருக்கு."

ஆடி மாதம் நாத்தனார் சொன்ன அதே பேச்சு. அவள் மண்தரையில் கைகூப்பி நின்று சொன்னாள், இவர் வெள்ளைக் கோட்டுப் போட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார். பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அம்மைக் கிருமி சில குழந்தைகளின் மூளையில் ஒளிந்துகொள்ளும், எங்கோ ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி ஆகும், ரொம்பச் சின்ன வயதில் அம்மை வந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அது கிளம்பினால் மூளை முழுக்க அழற்சியாகி, வெந்த புண் போல ஆகிவிடும் என்றார். மருந்து என்று கேட்டேன். துள்ளலைக் கொஞ்சம் கம்மி பண்ணலாம், வியாதியைத் தடுக்க மருந்து இல்லை என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர், மூன்றாவது தண்ணீர் ஊற்றாமல் விட்டதால் இப்படி ஆயிற்றா என்று கேட்டார். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. நான் சொன்னதும் புரிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நீங்கள் எதுவும் தப்புச் செய்யவில்லை என்று அவர் கையைத் தொட்டுச் சொன்னார்.

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் துள்ளும்போதெல்லாம் தலை கம்பியில் இடிக்காமல் உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டே வந்தார். தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தபோதுதான் பேசினார்.

"யார் மேலயும் தப்பு இல்லன்னா, நான் இன்னாத்த புடிச்சிக்கினு இருக்கறது?"

அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆட்கள் வருவதை நிறுத்தினேன். வாசலிலேயே நின்று விரட்டினேன். மாதங்கள் போகப் போகத் துள்ளல் கம்மியானது. ஆனால் பிள்ளையும் கம்மியானாள். கை கால் கட்டை போல விறைத்தது. கண் திறந்திருக்கும், பார்க்காது. கஞ்சியைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம். நாத்தனாரும் நானும் நேரம் வைத்துப் புரட்டிப் படுக்கவைப்போம், முதுகில் புண் வராமல் இருக்க. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது அறவே நின்றுவிட்டது. ஆனால் ஒருத்தி தோளைப் பிடித்தால் இன்னொருத்தி இடுப்பைப் பிடிப்பாள், அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் கொல்லையில் இருந்தார், நாத்தனார் மலைப்பக்கம் விறகுக்குப் போயிருந்தாள். மகனும் பால்வாடிக்குப் போய்விட்டான். அண்டாவில் தண்ணீர் வெயிலில் கிடந்தது. நான் எழுந்து போய் வேப்பிலை உருவிக்கொண்டு வந்தேன். மஞ்சளை இடித்துப் போட்டேன். டாக்டர் சொன்னது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன். மகளைத் தூக்கி வாசலில் சாய்த்து உட்கார வைத்தேன். எதிரில் உட்கார்ந்து கைகூப்பி, நீயாக இருந்தால் போய்விடு தாயே, உனக்கு வர வேண்டிய மூன்றாவது தண்ணீர் இது, இதை வாங்கிக்கொண்டு போய்விடு என்று கெஞ்சினேன். நான் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. பிறகு சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடினாள். கைக்குழந்தையாக இருந்தபோது மூடுவாளே, அதே மாதிரி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. ஒரு கணம் அவள் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். சொம்பைக் கீழே போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்தது. பழையபடியே எங்கேயோ பார்த்தது.

விறகோடு நாத்தனார் உள்ளே நுழைந்தாள். ஈர வாசலையும் வேப்பிலையையும் என்னையும் பார்த்தாள். விறகை இறக்கிவிட்டு உள்ளே போய்த் துண்டைக் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாக அவளைத் துவட்டினோம்.

அடுத்த சித்திரை வருவதற்குள் அவள் போய்விட்டாள். காலையில் கஞ்சி கொடுக்கப் போனபோது மூச்சு இல்லை. ஊர் கூடியது. மஞ்சள் துணி போர்த்தினார்கள், வேப்பிலை வைத்தார்கள். அம்மா மலையேறிவிட்டாள், அழக் கூடாது, அழுதால் அவளுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஒருத்தி என் வாயில் கையையே வைத்துவிட்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். வேலூர் டாக்டரால் என் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அது வியாதி என்று சொல்லி அனுப்பினார். சாமிக்குத்தான் அழக் கூடாது. வியாதியில் செத்த பிள்ளைக்குப் பெற்றவள் அழலாம். முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி நான் அழுதேன்.

அவளை எங்கள் கொல்லை மூலையில் புதைத்தோம், பாதையோரத்து வேப்பமரத்துக்குப் பக்கத்தில். நாத்தனார் அங்கே ஒரு கல்லை நட்டாள். மஞ்சள் துணி கட்டினாள், விளக்கேற்றினாள். எங்கள் பக்கத்தில் கன்னியாகச் செத்த பெண்ணுக்குக் கல் வைப்பது உண்டுதான், நான் தடுக்கவில்லை. ஆனால் அது பாதையோரம். மலை சுற்றுகிறவர்கள் விளக்கைப் பார்த்தால் நிற்பார்கள், நின்றால் கும்பிடுவார்கள். யார் எவர் என்று தெரியாமலேயே குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். இந்த அம்மாவைக் கும்பிட்டால் பிள்ளைகளுக்கு அம்மை வராது என்று யார் கட்டிவிட்டார்களோ, கைக்குழந்தைக்காரிகள் வரத் தொடங்கினார்கள். நான் கொல்லைக்குப் போகும்போது அந்த மூலையைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். அப்படியும் முதுகில் யாரோ பார்ப்பது போல இருக்கும். அடுத்த லிங்கம் பக்கத்தில்தான் என்று ஒரு சின்னக் குரல் சொல்வதுபோல் கேட்கும். திரும்பினால் கல்லும் மஞ்சள் துணியும்தான்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம். தட்டம்மைக்கு ஊசி வந்துவிட்டது என்று ஊருக்கு நர்ஸம்மா வந்து போக ஆரம்பித்திருந்தார். ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அப்படி வந்திருந்தார், நான் கொல்லைக்குப் போகும் வழியில் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பெண், இருபது வயதுகூட இருக்காது, இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை வாயில் இரண்டு கீழ்ப்பல். கல்லின் குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை விழுந்துபோன நாத்தனார் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எப்போதும் போலப் பார்க்காமல்தான் நடந்தேன். கால் நின்றுவிட்டது. அம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"இல்லீங்க. அதான் இந்தம்மா பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க. ஊசி வாணாம்னுட்டு நேரா இங்க வந்துட்டேன்."

தன்னையே காத்துக்கொள்ள முடியாத பிள்ளை. கை போட்டுவிட்டது என்று சொன்ன பிள்ளை. அவளிடம் வந்து, அவள் பெயரைச் சொல்லி, இன்னொரு குழந்தையை அதே அம்மைக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். நான் போய் அந்தக் குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்றே சொல்லலாம். அந்தப் பெண் பதறிப்போய், இன்னாங்க இது என்று நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

நாத்தனார் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போம்மா. இது எங்க வூட்டுப் பொண்ணு. அத்தப் பெத்தவ சொல்றா. போய் ஊசி போட்டுக்கினு வா."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து பொண்ணு என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அம்மா, தாயி என்று சொல்லாமல், எங்கள் வீட்டுப் பெண் என்றாள். எனக்குக் கண் மறைத்தது. அவளைத் திரும்பிப் பார்க்காமல் குழந்தையோடு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தேன், தாய்க்காரி பின்னாலேயே ஓடிவந்தாள்.

பாதி வழியில், என் இடுப்பிலிருந்த குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பை விழுந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சு நின்றது. தாய்க்காரி குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்துக் கொடுத்தாள். குழந்தை வாங்கியது. என் முகத்தைப் பார்த்தது. கையை நன்றாக ஓங்கி மறுபடியும் வீசி எறிந்துவிட்டு, அது விழுந்த இடத்தைப் பார்த்துக் கெக்கெக்கென்று சிரித்தது. வேண்டுமென்றே போட்டது.

இன்னொரு தரம் போடு என்று நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.